‘ரன்’ என்றால் ஓடு மட்டும்தானா?

(திருச்சிராப்பள்ளியில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆங்கில ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிறகு பேசுகிறவருக்கு ஒரு சங்கடம் உண்டு. கேட்பவர்களுக்குத் தூக்கம் வரும், பேசுகிறவருக்கும் வரும். அதனால் தத்துவம் எதுவும் பேசப் போவதில்லை. ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். நம் ஆறாம் வகுப்புக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த சொல்தான் அது: ‘ரன்’.

இன்று காலை ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் எண் பேருந்தில் ஏறினேன். காவிரிப் பாலம் வந்ததும், கண்ணில் படுவதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். பாலத்துக்குக் கீழே ஆறு ‘ரன்’ ஆகிறது. மேலே பஸ் ‘ரன்’ ஆகிறது. பஸ்ஸின் இன்ஜினும் ‘ரன்’ ஆகிறது. பக்கத்து இருக்கைக் குழந்தைக்குச் சளி, மூக்கு ‘ரன்’ ஆகிறது. பின்னால் இரண்டு பேர் முந்தின நாள் கிரிக்கெட் பற்றிப் பேசுகிறார்கள், அங்கேயும் ‘ரன்’தான். நான் விட்டுவிட்டு வந்த அரங்கன் கோயில் மதில்கள்கூட ஆங்கிலத்தில் கோயிலைச் சுற்றி ‘ரன்’ ஆகின்றன. பல நூற்றாண்டுகளாக ஓர் அங்குலமும் நகராத மதில், ஆங்கிலத்தில் ஓடுகிறது!

ஆங்கிலத்தில் மிக அதிகப் பொருள் கொண்ட சொல் எது என்று கேட்டால், நீண்ட காலம் ‘செட்’ என்பதே விடையாக இருந்தது. 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு அதற்குத்தான். பிறகு மூன்றாம் பதிப்புக்காக ‘ரன்’ என்ற சொல்லைத் திருத்தி எழுதினார்கள். வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்களைப் பிரித்திருப்பதாக 2011இல் செய்தி வந்தது. எந்திரங்கள் பெருகப் பெருக இந்தச் சொல்லும் பெருகியது. மனிதனும் விலங்கும் ஆறும் ஓடிக்கொண்டிருந்த சொல்லில் ரயில் ஓடத் தொடங்கியது, ஆலை ஓடத் தொடங்கியது, இன்று கணினி நிரலும் ஓடுகிறது.

645 என்றதும் பயப்பட வேண்டாம். அத்தனையும் ஆங்கிலேயருக்கே தெரியாது. நான் பேச வந்தது அந்த எண்ணைப் பற்றி அல்ல. என் சிவப்புப் பேனா போட்ட ஒரு பெருக்கல் குறியைப் பற்றி.

சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்புக்கு ஒரு சிறு தேர்வு வைத்தேன். இருபத்தைந்து ஆங்கிலச் சொற்கள், தமிழில் பொருள் எழுத வேண்டும். அதில் ஒன்று ‘ரன்’. எல்லோரும் ‘ஓடு’ என்று எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் ‘நடத்து’ என்று எழுதியிருந்தாள். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நாற்பது தாள் திருத்துகிற வேகத்தில், ‘நட’ என்பதையும் ‘ஓடு’ என்பதையும் குழப்பிக்கொண்டாள் என்று முடிவு கட்டிப் பெருக்கல் குறி போட்டேன். போதாததற்கு வகுப்பில், “ஓடச் சொன்னா ஒருத்தி நடந்திருக்கா” என்று ஒரு நகைச்சுவை வேறு. வகுப்பு சிரித்தது. அவளும் லேசாகச் சிரித்தாள். அதற்குப் பிறகு ஆங்கில வகுப்பில் அவள் கை உயரவே இல்லை. அதையும் நான் அப்போது கவனிக்கவில்லை.

இரண்டு மூன்று மாதம் கழித்து ஓர் அலுவலக வளாகத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு சிற்றுண்டியகம். தேநீர் கொடுத்தவர், “வாங்க டீச்சர், எம் பொண்ணு உங்க கிளாஸ்லதான் படிக்குது” என்றார். அந்த மாணவியின் அம்மா. பேசிக்கொண்டே மேலே பார்த்தேன். பெயர்ப் பலகை. முதல் வரி தமிழில்: மகளிர் சுய உதவிக் குழு நடத்தும் சிற்றுண்டியகம். கீழே ஆங்கிலத்தில்: ‘கேன்டீன் ரன் பை விமன் செல்ஃப் ஹெல்ப் குரூப்’.

எனக்குத் தேநீர் இறங்கவில்லை. அந்த அம்மா சொன்னார்: “போர்டு மாட்டின அன்னைக்கு மேல தமிழு, கீழ இங்கிலீஷுன்னு விரல் வச்சு வச்சுப் படிச்சா டீச்சர். இதுக்கு இதுதான் அர்த்தம்னு எனக்கே சொல்லிக் குடுத்தா.”

நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தர யாருமில்லை. இரண்டு மொழியிலும் எழுதிய ஒரு பலகையை வைத்துக்கொண்டு, எந்தத் தமிழ்ச் சொல்லுக்கு எந்த ஆங்கிலச் சொல் நிற்கிறது என்று தானே ஒப்பிட்டுக் கண்டுபிடித்திருக்கிறாள். படிக்கத் தெரியாத பழங்கால எழுத்துகளை அறிஞர்கள் வாசித்ததும் இந்த வழியில்தான். நான் கொடுத்த பட்டியலை மனப்பாடம் செய்தவர்களுக்கு மதிப்பெண் கொடுத்தேன். தானாகக் கண்டுபிடித்தவளுக்குப் பெருக்கல் குறி போட்டேன்.

தவறு அவளுடையதல்ல, என் வினாவுடையது. தனியாக ஒரு சொல்லை நிறுத்தி, ‘இதற்குப் பொருள் என்ன?’ என்று கேட்டதே பிழை.

இது நமக்குப் புதிய செய்தியும் அல்ல. ஒரு சொல் பல பொருளுக்கு வரும், பல சொல் ஒரு பொருளுக்கு வரும் என்று தொல்காப்பியம் உரிச்சொல்லைப் பற்றிப் பேசும்போதே சொல்லிவிட்டது. பல பொருள் உள்ள சொல்லில் இங்கே எது பொருள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கும் வழி சொல்லியிருக்கிறது: அதனோடு வரும் வினை, அதன் இனம், அதன் சார்பு. ‘மா பூத்தது’ என்றால் மாமரம். ‘மா ஓடியது’ என்றால் குதிரை அல்லது வேறு விலங்கு. பக்கத்தில் நிற்கும் சொல் பொருளைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டே அறிய வேண்டும் என்ற கருத்தை ஆங்கில மொழியியலாளர் ஃபிர்த் 1957இல் எழுதினார். நாம் அதைத் தமிழ் வகுப்பில் படித்துவிட்டு, அடுத்த மணியில் ஆங்கில வகுப்புக்குள் நுழையும்போது வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறோம்.

திண்ணைப் பள்ளிகளில் நிகண்டு மனப்பாடம் செய்தார்கள். சூடாமணி நிகண்டில் ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறுவதற்கென்றே தனித் தொகுதி இருக்கிறது. நம் ஊருக்கே வருவோம். காளமேகப் புலவர் ஸ்ரீரங்கம் கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்தார், திருவானைக்காவில் அகிலாண்டேசுவரி அருளால் கவி பாடத் தொடங்கினார் என்று கதை சொல்வார்கள். பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும், பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே பாட்டைப் பொருத்திக் காட்டியவர் அவர். சிலேடை என்பதே ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருளைக் குடிவைக்கும் வேலைதான். நம் குழந்தைகள் அந்த ஊர்க்காரர்கள். ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்பது அவர்களைப் பயமுறுத்தாது. நாம்தான் ‘ஒரு சொல், ஒரு பொருள், ஒரு மதிப்பெண்’ என்று பழக்கிவிட்டோம்.

அந்தத் தேநீருக்குப் பிறகு நான் வகுப்பில் என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன். பெரிய முறை ஒன்றும் இல்லை. செலவு ஒரு துண்டு சுண்ணக்கட்டி.

முதலில் கரும்பலகையின் நடுவில் ‘ரன்’ என்று எழுதாமல், தமிழில் ‘ஓடு’ என்று எழுதினேன். “என்னென்ன ஓடும், சொல்லுங்க” என்றேன். நாய், பஸ், ஆறு என்று தொடங்கினார்கள். கடிகாரம் ஓடும். தையல் மிஷின் ஓடும். படம் நூறு நாள் ஓடும். கடை நல்லா ஓடும். நேரம் ஓடும். சித்திரை வீதியில் தேர் ஓடும். “பரீட்சை ஹால்ல எனக்கு ஒண்ணுமே ஓடல” என்றான் ஒருவன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “வீட்டு மேல ஓடு, டீச்சர்!” உடனே முட்டை ஓடு, ஆமை ஓடு எல்லாம் வந்துவிட்டன.

பத்து நிமிடத்தில் பலகை நிறைந்தது. தங்கள் மொழிச் சொல் ஒன்றுக்கு இத்தனை பொருள் தங்களுக்கே தெரியும் என்பது அவர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. அங்கேயே ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிடலாம். ஆறு ஓடுவதும் படம் ஓடுவதும் ஒரே சொல்லின் கிளைகள். கூரை ஓடு, உருவம் ஒன்றாக இருக்கும் வேறு சொல். ஆங்கிலத்திலும் அப்படி உண்டு. காவிரிக் கரையும் ‘பேங்க்’, பணம் போடும் இடமும் ‘பேங்க்’. இரண்டும் வேறு வேறு வழியில் ஆங்கிலத்துக்கு வந்த சொற்கள்.

அடுத்து, ‘ஓடு’ இருக்கும் வாக்கியங்களை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தோம். அவை மூன்று குவியலாகப் பிரிந்தன.

முதல் குவியல், இரண்டு மொழியும் சேர்ந்து ஓடும் இடம். ஆறு, பஸ், மிஷின், நூறு நாள் ஓடிய படம். இங்கே குழந்தைக்குப் புதிதாகக் கற்க எதுவும் இல்லை. ‘ஓடு’ போடும் இடத்தில் ‘ரன்’ போட்டால் போதும். பாதிப் பயம் இங்கேயே போய்விடும்.

இரண்டாவது, தமிழில் ஓடும், ஆங்கிலத்தில் ஓடாது. நமக்கு நேரம் ஓடுகிறது. ஆங்கிலேயருக்கு அது பறக்கிறது, ‘டைம் ஃப்ளைஸ்’. ‘ஒண்ணுமே ஓடல’ என்ற மாணவன் அதை, “நத்திங் இஸ் ரன்னிங் டு மீ, டீச்சர்” என்று மொழிபெயர்த்தான். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் இந்த முறை, ஏன் அது பொருந்தாது என்று அவனோடு உட்கார்ந்து பேசினேன். ‘மை மைண்ட் வென்ட் பிளாங்க்’ என்பதை அவன் இன்றுவரை மறந்திருக்க மாட்டான்.

மூன்றாவது, ஆங்கிலத்தில் ஓடும், தமிழில் ஓடாது. மூக்கு நமக்கு ஒழுகும். சாயம் நமக்குப் போகும். மதில் நமக்குச் சூழ்ந்து நிற்கும், சாலை நமக்குப் போகும். தேர்தலில் நம்மவர் நிற்கிறார். இங்கிலாந்துக்காரரும் நிற்கிறார், அங்கே ‘ஸ்டாண்ட்’ என்பார்கள். அமெரிக்காவில் மட்டும் வேட்பாளர் ஓடுகிறார், ‘ரன்’ என்பார்கள். ஓர் ஆங்கிலத்துக்குள்ளேயே நாட்டுக்கு நாடு வேறுபாடு இருக்கிறது என்று தெரிந்தபோது, தங்கள் தவறு அவ்வளவு பெரிய குற்றமில்லை என்று பிள்ளைகளுக்குப் புரிந்தது.

‘நடத்து’ என்ற பொருளும் இந்த மூன்றாவது குவியலில்தான் வருகிறது. அதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழில் ஓடு என்பது தன்வினை, ஓட்டு என்பது பிறவினை. கடை ஓடுகிறது. கடையை ஒருவர் நடத்துகிறார், பேச்சில் ‘கடையை ஓட்டுறார்’ என்போம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் உருவம் மாறாது. ‘த ஷாப் ரன்ஸ்’ என்றாலும் அதே சொல், ‘ஷி ரன்ஸ் த ஷாப்’ என்றாலும் அதே சொல். இலக்கண வகுப்பில் தன்வினை, பிறவினை படித்த குழந்தைக்கு இதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஓர் எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘ஹி ரன்ஸ் எ பஸ்’ என்றால் ஸ்டீயரிங் பிடித்து ஓட்டுகிறார் என்று ஆகாது, பஸ் சர்வீஸ் நடத்துகிறார் என்றே ஆகும். வண்டி ஓட்டுவதற்கு ‘டிரைவ்’ இருக்கிறது.

இங்கிருந்து ஒத்தபொருள் சொற்களுக்கு வருவோம். நம் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வின் தொடக்கத்திலேயே ஒத்தபொருள் வினாக்கள் வந்துவிடுகின்றன. அதனால் நாமும் குழந்தைகளிடம் பட்டியல் கொடுத்துவிடுகிறோம். ‘ரன்’ என்றால் ‘ஃப்ளோ’, ‘ஆபரேட்’, ‘மேனேஜ்’, ‘ஸ்பிரின்ட்’, ‘கன்டெஸ்ட்’ என்று வரிசையாக. குழந்தை என்ன நினைக்கிறது? இவை எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றுச் சொற்கள் என்று நினைக்கிறது. பிறகு ‘த பஸ் ஃப்ளோஸ்’ என்று எழுதுகிறது. நாம் சிவப்புப் பேனாவை எடுக்கிறோம்.

தேர்வு வினாவைக் கவனித்துப் பாருங்கள். சொல்லைத் தனியாகக் கொடுப்பதில்லை. ஒரு வாக்கியத்துக்குள் வைத்து அடிக்கோடிட்டுத்தான் கேட்கிறார்கள். வினாவே வினை, இனம், சார்பு பார்க்கச் சொல்கிறது. நாம் நடத்தும் விதம்தான் அதை மறந்துவிட்டது.

அதனால் இப்போது பட்டியலை நிறுத்திவிட்டேன். சொல்லுக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கும் ‘கூட்டாளி’யைக் கண்டுபிடிக்கச் சொல்கிறேன். கூட்டாளி ஆறு என்றால் ‘ஃப்ளோ’ பொருந்தும். கூட்டாளி எந்திரம் என்றால் ‘ஆபரேட்’, ‘ஒர்க்’. கடை, விடுதி, பள்ளி என்றால் ‘மேனேஜ்’. விளையாட்டுத் திடலில் முழு வேகத்தில் ஓடினால் ‘ஸ்பிரின்ட்’, காலையில் உடம்பு இளைக்க மெதுவாக ஓடினால் ‘ஜாக்’. தேர்தல் என்றால் ‘கன்டெஸ்ட்’. மாற்றிப் போட்டு, வாய்விட்டுப் படித்து, பொருந்துகிறதா என்று காதால் கேட்கச் சொல்கிறேன். சோற்றையும் சாதத்தையும் அன்னத்தையும் எந்த இடத்தில் எதைச் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியுமே. ‘அன்னம் வடிச்சுட்டியா?’ என்று எந்த வீட்டிலும் யாரும் கேட்பதில்லை. அந்தக் காதை ஆங்கில வகுப்புக்கும் கொண்டுவரச் சொல்கிறேன்.

அடுத்த வேலை, ‘பலகை வேட்டை’ என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்த மாணவியிடம் கற்றது. வாரம் ஒரு நாள், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்திருக்கும் ஏதாவது ஒரு பலகையை ஒவ்வொருவரும் எழுதிக்கொண்டு வர வேண்டும். ரயில் நிலையம், வங்கி, அஞ்சலகம், கோயில் வாசல், பேருந்து என்று நம் ஊரில் பலகைக்குப் பஞ்சமில்லை. எந்தச் சொல்லுக்கு எது என்று குழுவாக உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். ஒரு மாணவனின் அப்பா ரயில் ஓட்டுநர். அவன் கொண்டுவந்த சொல், ‘ரன்னிங் ரூம்’. “ரூம் எப்படி டீச்சர் ஓடும்?” என்று வகுப்பே கேட்டது. அவனே விளக்கினான். ரயில் ஓட்டுகிறவர்களும் கார்டுகளும் அடுத்த வண்டிக்கு முன் தூங்கி ஓய்வெடுக்கும் அறைதான் அது. ஓடுகிறவர்களின் ஓய்வறை! அன்று பாடம் நடத்தியது நான் அல்ல, பொன்மலைப் பணிமனை விசில் கேட்டு வளர்ந்த வீட்டுப் பிள்ளை.

அளவும் முக்கியம். உற்சாகத்தில் ஒரே நாளில் இருபது பொருளைக் கொட்டிவிடக் கூடாது. நானும் முதலில் அப்படிச் செய்து சொதப்பினேன். ஆறாம் வகுப்புக்கு நான்கு பொருள் போதும். ஏழில் ‘நடத்து’ போன்றவற்றைச் சேர்க்கலாம். ‘ரன் அவுட்’, ‘ரன் அவே’ போன்ற தொடர்களை எட்டு, ஒன்பதில் பார்க்கலாம். ‘ரன் அவுட்’ நம் பிள்ளைகளுக்கு மைதானத்திலேயே தெரியும். ‘வீட்டில் கேஸ் தீர்ந்துபோச்சு’ என்பதற்கும் அதே தொடர் என்று சொன்னால் அதையும் பிடித்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி. எதிர்பாராத விடை வந்தால், பெருக்கல் குறிக்கு முன் ஒரு கேள்வி: “இதை எங்கே பார்த்தே?” தாளில் சிறிய கேள்விக்குறி போட்டு வைப்பேன். மறுநாள் கேட்பேன். பத்தில் எட்டு முறை அது தவறாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும், திருத்துவது எளிதாகும். மீதி இரண்டு முறை, குழந்தை எனக்குத் தெரியாத ஒரு பலகையைப் படித்திருக்கும்.

அந்த மாணவி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். தேநீர் குடித்த மறுநாள் வகுப்பில், அந்தப் பலகையில் இருந்ததைக் கரும்பலகையில் எழுதினேன். “அன்னைக்கு நான் போட்டது தப்பு, இவ எழுதினது சரி” என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். சிரித்தது எல்லோர் முன்னிலையிலும் என்பதால் இதையும் அப்படித்தான் சொல்ல வேண்டியிருந்தது. மதிப்பெண் பதிவேட்டில் பதினெட்டைப் பத்தொன்பதாகத் திருத்திக் கையொப்பமிட்டேன். அவள் உடனே கை தூக்கத் தொடங்கிவிட்டாள் என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஒரு நிமிடத்தில் இறங்கிய கை மேலே வர மாதங்கள் ஆயின.

அந்த ஆண்டு முடிவதற்குச் சற்று முன் ஒரு நாள், கை உயர்ந்தது. “டீச்சர், தேர் ஓடுதுங்கறதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது? அது தானா ஓடலையே, நாமதானே இழுக்கறோம்?”

என்னிடம் தயாராக விடை இல்லை. ‘ரன்’ போடலாமா, ‘மூவ்’ போடலாமா, ‘இஸ் புல்ட்’ என்று சொன்னால் வடம் பிடிக்கிறவர்கள் தெரிகிறார்கள், ஆனால் தேர் ஓடுகிற அழகு போய்விடுகிறதே என்று அந்தப் பாடவேளை முழுவதும் பேசினோம். மணி அடித்தும் முடியவில்லை. என் பணிக்காலத்தில் நான் எடுத்த நல்ல ஆங்கில வகுப்புகளில் அது ஒன்று. அதைத் தொடங்கி வைத்தது நான் அல்ல.

நாளை உங்கள் வகுப்பில் ‘ஓடு’ என்று எழுதிப் பாருங்கள். உங்கள் குழந்தைகள் என்னென்னவற்றை ஓட விடுகிறார்கள் என்று அடுத்த கூட்டத்தில் எனக்குச் சொல்லுங்கள்.